பார்வைக்கு வைத்த ரத்தம்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ரத்தக்காரம்மா அந்தச் செய்தியோடு வந்த நாளில் மழை பெய்தது என்றே என் மனதில் பதிந்திருக்கிறது. ஆணிவாயனின் மனைவியோ, மழையெல்லாம் அதற்குப் பிறகுதான், அன்று வெயில் மண்டையைப் பிளந்தது, அதனால்தான் அந்த அம்மாவுக்கு நான் வாசலிலேயே தண்ணீர் கொடுத்தேன் என்று சாதிக்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். சில பேச்சுகளை நேரில் இருந்து கேட்டேன். சிலவற்றை மாடிப்படியில் நின்று கேட்டேன். மிச்சத்தை அவர்கள் பிறகு சொல்லக் கேட்டேன். இப்போது எல்லாம் பசை தடவிய துணிபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் கிழிகிறது.

நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே முன்பக்கம் குஷன் கடை, பின்பக்கம் வீடு. கடையில் எப்போதும் இரண்டு மூன்று சோபாக்கள் தோல் உரிந்த நிலையில் கிடக்கும். ஸ்பிரிங்குகள் வெளியே தெரியும். பழைய பஞ்சின் நெடியும் புது ரெக்சினின் நெடியும் கலந்து மாடிவரை ஏறி வரும். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அந்த அரைகுறை சோபாக்களில் ஒன்றில் உட்கார்ந்து நான் புத்தகம் படிப்பேன். அவர்கள் வேலை பார்ப்பார்கள். மணிக்கணக்கில் யாரும் பேசமாட்டோம். அவர்களுக்கு நான் ‘மாடி சார்’.

ஆணிவாயன் என்பது கடைத்தெரு வைத்த பெயர். சோபாவுக்கு ரெக்சின் இழுத்து அடிக்கும்போது ஒரு கை சுத்தியலில், ஒரு கை துணியில் இருக்கும். ஆணி வைக்க வேறு இடம் கிடையாது. ஒரு பிடி சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வான். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டில் நிறுத்துவான். சுத்தியலின் காந்தமுனை அதைக் கவ்விக்கொண்டு போகும். இப்படி நாளெல்லாம் வாயை மூடியே வைத்திருந்ததால் பேச்சே குறைந்துபோனவன் அவன். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி பேசினாள்.

அவனுடைய அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. குஷன் உறைகளின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பதில் அவளுக்கு நிகர் அந்தத் தெருவில் கிடையாது. தம்பி அளவு சொல்வதற்கு முன்பே துணியை வெட்டிவிடுவாள்.

இந்த இரண்டு பேர் உடம்பிலும் ஓடியது ஒரு விசித்திரமான ரத்தம். சாதாரணப் பரிசோதனையில் அது ‘ஓ’ என்று காட்டும். ஆனால் ‘ஓ’ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு ஏற்காது, ஆளைக் கொன்றுவிடும். இந்த வகைக்காரர்களுக்கு இதே வகைக்காரர்தான் கொடுக்க முடியும். பல ஆயிரம் பேரைச் சலித்தால் ஒருவர் தேறலாம். ஏணியிலிருந்து விழுந்த ஒரு கூட்டாளிக்கு ரத்தம் கொடுக்க ஆணிவாயன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது தெரியவந்தது. அவனைத் தேடிக்கொண்டு ஒரு பெண்மணி கடைக்கே வந்தார். டாக்டர் இல்லை, விஞ்ஞானி. ரத்த வகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். வீட்டில் எல்லோர் விரலிலும் ஊசி குத்தினார். அக்காவுக்கும் அதே ரத்தம். மனைவிக்குச் சாதாரண வகை.

“என்னுது கடைச்சரக்கு. எங்க போனாலும் கிடைக்கும்,” என்றாள் மனைவி. “இவங்க ரெண்டு பேருது ஆர்டர் குடுத்துச் செய்யறது.”

அந்த நாளிலிருந்து அந்தப் பெண்மணி அந்த வீட்டுக்கு ரத்தக்காரம்மா ஆனார். அவர் செய்த வேலையை அவரே ஒருமுறை எனக்குச் சொன்னார். அதற்கு முன்னால் இந்த வகைக்காரர்கள் பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ‘ஓ’ ரத்தம் ஏற்றப்பட்டு இறந்துபோனால், காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதி முடித்துவிடுவார்களாம். அது காய்ச்சல் இல்லை என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். சாதாரண ஆய்வுக்கூடத்திலேயே இந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொன்னார். ஒருவகைப் பாகு சேர்த்து உறையவைத்து, வருஷக்கணக்கில் காப்பாற்றி, வேண்டும்போது உருக்கிக் கழுவி எடுக்கும் முறையையும் திருத்தி எழுதினார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் பார்த்தே இராத தேசங்களில் எல்லாம் அப்படி ரத்தத்தைச் சேமித்தார்கள்.

ஆணிவாயனிடமும் ஒரு பை எடுத்து உறையவைத்திருந்தார். “இது உங்க ரெண்டு பேருக்கும்தான். ஆத்திர அவசரத்துக்கு நான் காவல்,” என்று சொல்லியிருந்தார். வீட்டில் அதை ‘நம்ம பை’ என்பார்கள். பாங்கில் போட்ட நகைபோல அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் அக்கா மெஷினிலிருந்து எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பிரித்துப் போட்டிருந்த சோபாவின் மேல் அப்படியே சாய்ந்தாள். ஸ்பிரிங் முனை கன்னத்தில் கீறியது. ரத்தம் வந்தது. வந்த ரத்தம் ரத்தம்போலவே இல்லை, அவ்வளவு வெளிறியிருந்தது என்று ஆணிவாயன் பிறகு என்னிடம் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அவளுக்கு மாதவிடாய் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சில மாதம் பாதிநாளும். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தே ஆகவேண்டும் என்றார் சர்ஜன். ஆனால் இருக்கிற ரத்தத்தை வைத்துக் கத்தி வைக்க முடியாது, குறைந்தது இரண்டு பையாவது கையில் இருந்தால்தான் மேஜையில் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார்.

“ரெண்டுதானே?” என்றாள் மனைவி, சர்ஜனிடமே. “ஒண்ணு ஃப்ரிட்ஜுல இருக்கு. ஒண்ணு இதோ என் பக்கத்துல நிக்குது.”

சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்கள். ரத்தக்காரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.  “நான் நேர்ல வரேன்,” என்று மட்டும் சொன்னாராம்.

வந்தார். மழையோ வெயிலோ, வந்தார். நான் வழக்கமான இடத்தில் புத்தகத்தோடு இருந்தேன். எழுந்துபோகலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எப்ப ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க?”

“நீங்க பையை அனுப்பிட்டா அடுத்த வாரமே வச்சுக்கலாம்னு சொல்றாங்கம்மா,” என்றாள் அக்கா.

“அந்தப் பை இல்லம்மா.”

ஆணிவாயன் சுத்தியலைக் கீழே வைத்தான். வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் உமிழ்ந்தான். அப்படி அவன் வேலை நடுவில் செய்து நான் பார்த்ததில்லை.

“யாருக்குக் குடுத்தீங்க?” என்றான். குரலில் கோபம் இல்லை. யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தான். சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும்தான் இருந்தது.

“யாருக்கும் குடுக்கல தம்பி.”

“அப்புறம்?”

“உருக்கிக் காட்டினோம்.”

எனக்கே புரியவில்லை. அவர் விளக்கினார். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்களின் குழு ஒன்று வந்திருந்தது. ஆராய்ச்சியால் என்ன தாக்கம், யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எடைபோட வந்தவர்கள். படமும் புள்ளிவிவரமும் வைத்திருந்தார் இவர். இயக்குநர் அதெல்லாம் வேண்டாம் என்றார். எல்லாத் துறையும் படம்தான் காட்டப்போகிறது, நாம் பொருளையே காட்டுவோம், இருக்கிறதிலேயே அரிதான பையை அவர்கள் கண்முன்னால் உருக்குங்கள் என்றார்.

“நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு நாள் சொன்னேன். துறையையே மூடிருவாங்க, அப்புறம் உங்க ஃப்ரீஸருக்குக் கரண்டு யாரு கட்டுவாங்கன்னு கேட்டாரு.”

“உருக்கினா மறுபடி உறைய வைக்க முடியாதா?” என்றாள் மனைவி.

“முடியாதும்மா. ஒரு நாளைக்குள்ள ஏத்தணும். இல்லன்னா கொட்டணும்.”

“கொட்டிட்டீங்க.”

“ஆமா.”

“பாத்தவங்க என்ன சொன்னாங்க?”

“கை தட்டினாங்க,” என்றார் ரத்தக்காரம்மா.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் விரித்திருந்த ரெக்சினின் ஓரம் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. யாரும் அதை அமுக்கவில்லை.

“வேற பையே இல்லையா காட்டறதுக்கு?” என்றான் ஆணிவாயன்.

“வேற வகை இருந்துச்சு. இந்த அபூர்வ வகையில இது ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க, இன்னும் கொஞ்ச நாள்ல உங்ககிட்ட இன்னொண்ணு எடுத்துக்கலாம்னு நெனச்சேன். சும்மா ஒண்ணும் உருக்கல தம்பி. முன்னாடி இங்க போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்.”

“யாரைக் கேட்டீங்க?”

ரத்தக்காரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

“என்னைத்தான்,” என்றாள் அக்கா. “வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. நல்லா இருக்கோம்மா, நீங்க எப்படி இருக்கீங்கன்னேன்.”

“அப்ப உனக்கு உடம்பு...”

“அன்னிக்கும் போயிட்டுதான் இருந்துச்சு.”

“ஏன்க்கா சொல்லல?”

“போன் பண்ணி நல்லா இருக்கீங்களான்னு கேட்டா வேற என்னடா சொல்வாங்க? எல்லாரும் அதைத்தானே சொல்வாங்க. அவங்க ரத்தத்துக்காகக் கேக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் தெளிவாக் கேட்டிருக்கணும்,” என்றார் ரத்தக்காரம்மா. “குசலம் விசாரிக்கற மாதிரி கேட்டுட்டேன். எனக்கும் அந்தப் பதில்தான் வேணும்னு இருந்திருக்கு.”

ஆணிவாயன் எழுந்து வாசலுக்குப் போனான். தெருவைப் பார்த்து நின்றான். திரும்பாமலே பேசினான்.

“ஒரு பிள்ளைக்குக் குடுத்தேன்னு சொல்லியிருந்தா சரின்னு போயிருப்பேன். ஒரு கிழவனுக்குக் குடுத்தேன்னாக்கூட சரி. வேடிக்கை பாக்கறவனுக்கா என் ரத்தம்?”

“அவங்க வேடிக்கை பாக்க வரல தம்பி. யாரைக் காப்பாத்தினீங்கன்னு கேக்கறாங்க. அந்த வகைக்காரங்க யாரும் இன்னும் சாகக் கிடக்கல, அதனால பை பத்திரமா இருக்குன்னு சொன்னா, அதை ஒரு சாதனையா யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க.”

“இப்ப கிடக்கறாளே, போய்ச் சொல்லுங்க.”

ரத்தக்காரம்மா மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்தார். இப்போது ஒரு பை எடுத்து உறையவைப்போம், மூன்று மாதம் கழித்து இன்னொரு பை எடுப்போம், இரண்டும் சேர்ந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“உங்க ஃப்ரீஸருக்கு ஒரு சொட்டு தரமாட்டேன்,” என்றான் அவன். “ஆபரேஷன் அன்னிக்கு வரேன். ரெண்டு பையும் ஒரேயடியா எடுங்க. அப்படியே அவளுக்கு ஏத்துங்க.”

“ஒரே ஆள்கிட்ட ரெண்டு பை எடுக்க முடியாது தம்பி. உங்களையும் பக்கத்துல படுக்க வைக்கற மாதிரி ஆயிடும்.”

“ரெண்டு கட்டிலாப் போடுங்க. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பேருக்கும் விசிறி விடறேன்,” என்றாள் மனைவி. சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவளே பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்களைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒன்றும் நகரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பசை காயவில்லை. நனைந்த பஞ்சு நாறியது. சொன்ன தேதிக்குச் சோபா போகாததால் வாடிக்கையாளர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அக்கா மாத்திரை விழுங்கினாள், பேரீச்சம்பழம் தின்றாள், முட்டை தின்றாள். ஓட்டைப் பானையில் ஊற்றுவதுபோல எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

ரத்தக்காரம்மா சும்மா இருக்கவில்லை. அதே வகை ரத்தக்காரர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் லாரி டிரைவர். எங்கோ எல்லை தாண்டி சரக்கோடு போயிருந்தார், போன் எடுக்கவில்லை. இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி. அவளிடம் எடுக்கக்கூடாது. வேறொரு தேசத்தில் ஒரு பை இருந்தது. இவர் சொன்ன முறைப்படியே உறையவைத்த பை. அவர்கள் தரத் தயார். ஆனால் அது வந்து இறங்கினால் எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்தா, உடல் உறுப்பா, உணவா, எந்த வகையில் சேர்ப்பது என்று ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்டது. அந்த அலுவலகம் திரும்ப இவரையே கேட்டது.

ஒருநாள் அவர் என் மாடிக்கு ஏறி வந்தார். கீழே கடை பூட்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தார்.  சொன்னார்:

“குழு நல்ல மார்க் போட்டிருக்கு சார். நாட்டுலயே எங்க துறைக்குத்தான் அதிகம். இயக்குநர் எல்லாருக்கும் இனிப்பு குடுத்தாரு.”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“வாயில போட்டுட்டேன். அப்புறம் துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இறங்கிப்போனார்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மத்தியானம். ஒரு பெரிய சோபாவுக்கு முதுகு அடித்துக்கொண்டிருந்தார்கள். ரெக்சினை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஆணி அடிக்க வேண்டும். இழுப்பது எப்போதும் அக்காதான். அவள் இழுக்கும் இழுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. வேண்டாம் என்று தம்பி சொல்லியும் கேட்காமல் அன்று வந்து நின்றாள். இழுத்தாள். துணி கையிலிருந்து நழுவியது. மறுபடி இழுத்தாள். மறுபடி நழுவியது. மூன்றாம் முறை இழுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“இதுகூட முடியல பாரு,” என்றாள்.

அவன் வாய் நிறைய ஆணி.

“டேய், ஆணியைத் துப்பு. நான் பேசணும்.”

துப்பினான்.

“உனக்கு யார்மேல கோவம்? அந்தம்மா உருக்கினதுக்கா, நான் மறைச்சதுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“எது ஜாஸ்தி?”

அவன் கையிலிருந்த ஆணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“இதை எப்படிடா உன்கிட்ட வந்து சொல்வேன்?”

“அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேனே. வயசாகறப்ப அப்படித்தான் அண்ணி இருக்கும், தானா நின்னுரும்னா.”

“நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எங்கம்மாவுக்கு நின்னுச்சு, சொன்னேன். இப்ப அதுக்கும் என்னைத் தூக்குல போடுங்க.”

“உன்னை யாருடி சொன்னா? அடுப்பைப் பாரு,” என்றாள் அக்கா. தம்பியிடம் திரும்பினாள். “எனக்குக் கோவம் இல்லைன்னு நெனைக்கறியா? கை தட்டினாங்கன்னு சொன்னப்ப அந்தம்மா கன்னத்துல ஒண்ணு வைக்கணும்னு எனக்கும் வந்துச்சு. கையைத் தூக்கத் தெம்பு இல்ல, விட்டுட்டேன்.”

“குடுத்தா மறுபடி அப்படித்தான் செய்வாங்க. எவனாவது கோட்டு போட்டுக்கிட்டு வந்து காட்டுன்னு நிப்பான்.”

“செய்யலாம். அதுக்கு நான் என்ன செய்ய? வேற ஃப்ரீஸர் வச்சிருக்கியா நீ?”

“அதுக்காக...”

“உன் கோவம் நியாயம்தான்டா. ஊர்ல யாரைக் கேட்டாலும் நியாயம்னுதான் சொல்வாங்க. ஆனா அதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? பையில புடிச்சு ஏத்திக்க முடியுமா?”

நான் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணிவாயன் எழுந்தான். நழுவிய ரெக்சினைத் தன் முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவனாகவே அந்த முதுகை அடித்து முடித்தான். கோணலாக வந்தது. கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு, “மாடி சார், கூட வரீங்களா?” என்றான்.

ஆய்வுக்கூடத்தில் அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். ரத்தக்காரம்மாவே பக்கத்தில் நின்றார். பை நிறையும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பையை வைக்கப்போகும் உலோகப் பெட்டியைக் காட்டச் சொன்னான் ஆணிவாயன். ரெக்சினில் அளவு குறிக்கும் தடித்த மார்க்கர் பேனா அவன் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து, பெட்டியின் நாலு பக்கமும் எழுதினான்: அக்காவுக்கு. தொடாதே.

“இங்க இந்த மாதிரி எழுத அனுமதி இல்ல,” என்றான் ஓர் உதவியாளன்.

“இருக்கட்டும்,” என்றார் ரத்தக்காரம்மா.

அடுத்த மூன்று மாதமும் அக்கா மெஷினில் உட்காரவில்லை. கட்டிலில் படுத்தபடி, தைப்பவளுக்கு அளவு சொன்னாள். தைத்தது தம்பி பொண்டாட்டி. ஓரம் எல்லாம் பாம்பு மாதிரி நெளிந்தது. “நீங்க சீக்கிரம் எழுந்திருக்கணும்னுதான் அண்ணி இப்படித் தைக்கறேன்,” என்பாள். இரண்டு தடவை நிலைமை மோசமாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையை உருக்கலாமா என்று கேட்டார்கள். ஒன்றை ஏற்றிவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வேண்டாம், தாங்குகிறேன் என்று அக்கா சொன்னாள். தாங்கினாள்.

இரண்டாவது பை எடுத்தார்கள். அதை உறையவைக்கவில்லை. ஆபரேஷன் நாள் குறித்தாகிவிட்டதால் சாதாரணக் குளிரில் வைத்தார்கள். ஆபரேஷன் அன்று காலையில், முதலில் எடுத்த பையையும் உருக்கிக் கழுவி எடுத்துவந்தார்கள். ரத்தக்காரம்மா இரண்டையும் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். உருக்கியதை முதலில் ஏற்றுங்கள், அது ஒரு நாள்தான் தாங்கும், போதாவிட்டால் மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் அதை உறையவைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னாராம்.

நாங்கள் நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பளபளக்கும் தரையை ஒருவர் துடைத்துக்கொண்டே போனார். நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம். திரும்பித் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி தூக்கிக்கொண்டோம். 

சர்ஜன் வெளியே வந்து, முடிந்தது, நன்றாக முடிந்தது, ஒரு பைதான் தேவைப்பட்டது என்றார். மனைவி ஓவென்று அழுதாள். ஆணிவாயன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

வெகுநேரம் கழித்து ரத்தக்காரம்மா வந்தார். முகம் சரியில்லை.

“அக்காவுக்கு ஏதாவது...”

“இல்ல இல்ல. கண்ணு முழிச்சாச்சு. உங்களைத்தான் கேக்கறாங்க.” நின்றார். “நான் சொல்லாம இருந்தா உங்களுக்குத் தெரியப்போறதில்ல. ஆனா சொல்லணும். மேல இருந்த பையை எடுத்து மாட்டிட்டாங்க. புதுசை ஏத்திட்டாங்க தம்பி. உருக்கினது அப்படியே இருக்கு.”

“அதை?”

“நாளைக்குள்ள வேற யாருக்கும் தேவைப்படாது. கொட்டணும்.”

ஆணிவாயன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்னதான்மா பண்ணுவீங்க நீங்கல்லாம்?” என்றான். கேள்வியாகத்தான் கேட்டான்.  “நான் எழுதினேனே. நாலு பக்கமும் எழுதினேனே.”

“பெட்டியிலிருந்து எடுத்துத்தானே தம்பி உருக்கணும். உள்ளே பையில உங்க எழுத்து இருக்காது.”

அவன் தலையை ஆட்டினான். புரிந்ததற்கு ஆட்டினானா, வேறெதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அக்காவைப் பார்க்க உள்ளே போனான். அவளிடம் இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் மெஷினில் உட்கார்ந்தாள், தம்பி பொண்டாட்டி தைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி தைத்தாள். இப்போது கொஞ்சம் பருத்திருக்கிறாள். லாரி டிரைவர், எல்லாம் முடிந்த பிறகு போன் செய்தார், தனக்கு வண்டி பழுதாகிவிட்டது என்றார். வெளிதேசத்துப் பையைப் பற்றி அந்த அலுவலகங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டனவா என்று எனக்குத் தெரியாது. இயக்குநர் பெரிய பதவிக்குப் போனார். குழு கொடுத்த பணத்தில் புதுக் கட்டடம் வந்தது. ஃப்ரீஸரைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் வெளியே நின்று பார்க்கலாம். ரத்தக்காரம்மா ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். அவருடைய முறையில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அவர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். நான் வீடு மாறிவிட்டேன்.

ஆணிவாயனை அதன் பிறகு இரண்டு முறை கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு அந்த ரத்தம் தேவைப்பட்டது. ஒரு முறை போனான். ஒரு முறை போகவில்லை. போகாத அன்று அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அவன் யாரையும் கேட்கவில்லை.